மருந்து என்றொரு சொல்

விழுப்புரம்
18-7-86

அன்புள்ள அண்ணனுக்கு,

ஜெயம் வணக்கத்துடன் எழுதுவது. ஆண்டவர் அருளால் நான் நலம். நீங்களும் அண்ணியும் நலமா? அண்ணிக்கு முழங்கால் வீக்கம் குறைந்ததா?

எனக்கு வேலை கிடைத்து மூன்று வாரம் ஆகிறது. ஆறு மாத வேலைதான். ஆனால் நான் படித்த உளவியலுக்குப் பொருந்திய வேலை. டாக்டர் சீனுவாசன் என்பவர் மெட்ராஸிலிருந்து வந்து இங்கே அலுவலகம் போட்டிருக்கிறார். பதினான்கு முதல் பதினேழு வயதுப் பிள்ளைகளில் யாருக்குப் போதைப் பழக்கம் இருக்கிறது என்று கண்டுபிடிக்க வெளிநாட்டில் ஒரு வினாப்படிவம் வைத்திருக்கிறார்கள். இருபது கேள்வி. ஆமாம் அல்லது இல்லை என்று குறித்தால் போதும். எட்டுக்கு மேல் ஆமாம் வந்தால் அந்தப் பிள்ளையைக் கவனிக்க வேண்டும். அதைத் தமிழில் கொண்டுவந்தாகிவிட்டது. இனி அந்தத் தமிழ் சரியாக வேலை செய்கிறதா என்று சோதிக்க வேண்டும். ஒரே பிள்ளைகளிடம் மூன்று வாரம் விட்டு இரண்டு தடவை கொடுப்போம். இரண்டு தடவையும் ஒரே பதில் வந்தால் படிவத்தை நம்பலாம்.

இங்கே பெரிய வீட்டுப் பிள்ளைகள் படிக்கும் பள்ளி ஒன்றில் ஏற்பாடு ஆகிவிட்டது. ஏழைப் பிள்ளைகள் இருக்கும் இடமும் ஒன்று வேண்டும் என்கிறார் டாக்டர். உங்கள் விடுதியில் அறுபது பையன்கள் இருக்கிறார்கள், காப்பாளர் என் அண்ணன் என்று சொல்லிவிட்டேன். பெயர் எழுத வேண்டியதில்லை, எண் மட்டும்தான். யார் என்ன எழுதினார்கள் என்று யாருக்கும் தெரியாது. தாளாளரிடம் நீங்கள் பேசி அனுமதி வாங்க வேண்டும். படிவம் ஒன்று வைத்திருக்கிறேன், படித்துப் பாருங்கள்.

அண்ணியைக் கேட்டதாகச் சொல்லவும்.

உங்கள் தங்கை
ஜெயம்

*

திண்டிவனம்
26-7-86

தங்கை ஜெயத்துக்கு,

மாசிலாமணி எழுதறது. நாங்க சவுக்கியம். உங்க அண்ணிக்கு முழங்கால் அப்படியேதான் இருக்கு, வாய் மட்டும் நல்லா நடக்குது. நீ வேளைக்குச் சாப்பிடு.

உன் கேள்வித்தாளை மூணு தடவை படிச்சேன். இதைத் தமிழாக்கின மகான் யாருன்னு காட்டினா கையெடுத்துக் கும்பிடுவேன். தமிழ்நாட்டுல பொறந்தவன்தானா, கப்பல்ல வந்து எறங்கினவனா?

ஒண்ணாம் கேள்வி: "நீ மருந்து பயன்படுத்துவது உண்டா?" என் விடுதியில மருந்து பயன்படுத்தாதவன் எவன் இருக்கான்? சொறிக்கு மருந்து, வயித்துப் பூச்சிக்கு மருந்து. லீவுல ஊருக்குப் போனா மல்லாட்டைச் செடிக்குப் பூச்சி மருந்து அடிக்கிறவன் பாதிப் பேரு. கஞ்சாவுக்குக் கஞ்சான்னு நம்ம ஊர்ல பேரு வெச்சிருக்காங்க. சாராயத்துக்கு சாராயம்னு பேரு. உங்க ஆபீசுக்கு இன்னும் தகவல் வரல போல.

ஒன்பதாம் கேள்வி: "உனக்கு அடிக்கடி இருட்டடிப்பு ஏற்படுகிறதா?" ஏற்படுது. தெனம் சாயங்காலம் ஆறரைக்கு ஏற்படுது, எட்டு மணிக்குக் கரண்ட் வருது. அறுபது பேரும் ஆமாம்னு போடுவான். நினைவு தப்பி விழறதுன்னு எழுதினா உங்க டாக்டருக்குக் கௌரவக் குறைச்சலா?

பன்னெண்டாம் கேள்வி: "மருந்து உட்கொண்டபின் உயரத்தில் இருப்பதாக உணர்ந்ததுண்டா?" போதை ஏறுறதையா கேக்கறீங்க? பனை ஏறுறவரோட பையன் ரெண்டு பேரு இங்க இருக்கான், அவனுங்களைக் கேட்டுச் சொல்றேன்.

எம்.ஏ. படிச்சுட்டு இந்தக் காகிதத்தைத் தூக்கிக்கினு ஊர் ஊரா அலையப் போறியா? சரி, உன் இஷ்டம். தாளாளர் அப்பாதுரைகிட்ட சொன்னேன். டாக்டர்னு கேட்டதும் பல்லை இளிச்சுக்கினு சரின்னுட்டாரு. ஒரு சனிக்கிழமை பார்த்து வா. உங்க அண்ணி கருவாட்டுக் குழம்பு வெப்பா.

அண்ணன்
மாசிலாமணி

*

விழுப்புரம்
4-8-86

அண்ணன் அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. சுகம். அங்கேயும் சுகம் என்று அறிந்து சந்தோஷம்.

நீங்கள் வேடிக்கை பண்ணியதை அலுவலகத்தில் யாருக்கும் காட்டவில்லை. மொழிபெயர்ப்பு என்பது விடுதிப் பையன்களை மிரட்டுவது போல அவ்வளவு சுலபம் இல்லை. அகராதிகள் பார்த்து, இரண்டு வாரம் உட்கார்ந்து, ஒவ்வொரு சொல்லாக யோசித்துச் செய்தது. பி.யூ.சி.யில் தமிழில் தேறாமல் கோட் அடித்தவர் சிரிப்பதால் அது கெட்டுப்போகாது.

இருட்டடிப்பு என்பதை மட்டும் "நினைவு தவறியதுண்டா" என்று மாற்றியிருக்கிறோம். மருந்து என்ற சொல் மாறாது. அதைப் போட்டதற்குக் காரணம் இருக்கிறது. உங்களுக்கு விளக்க வேண்டிய அவசியம் இல்லை.

16-ந் தேதி சனிக்கிழமை காலை ஒன்பது மணி பஸ்ஸில் வருகிறேன். பையன்கள் எழுதும்போது நீங்கள் அறையில் இருக்கக் கூடாது. இது விதி.

அண்ணிக்கு என் அன்பு.

ஜெயம்

*

திண்டிவனம்
20-8-86

தங்கைக்கு,

நல்லபடியா ஊர் போய்ச் சேர்ந்தியா? பஸ்ஸில எடம் கெடைச்சுதா? நீ பாதி சாப்பாட்டுல எழுந்து போயிட்டேன்னு உங்க அண்ணிக்கு வருத்தம்.

என் விடுதியில என்னை வெளியில நிறுத்திட்டே. பரவாயில்லை, ஜன்னலுக்குக் கதவு இல்லை, நான் எல்லாம் பார்த்துக்கினுதான் இருந்தேன். பத்து நிமிஷத்துல முக்கால்வாசிப் பேரு தாளைக் குடுத்துட்டு ஓடிட்டானுங்க. பக்கத்தில இருக்கிறவனைப் பார்த்துப் பார்த்துக் கோடு போட்டவன் பத்துப் பேரு. வெளியில வந்து ஒருத்தன் என்னைக் கேட்டான், "சார், இது ஸ்காலர்ஷிப்புக்குங்களா?" நான் ஆமாண்டான்னேன்.

கடைசியா ஒருத்தன் முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தானே, அவன் பேரு பூமாலை. ஒன்பதாவது. திருவெண்ணெய்நல்லூர் பக்கம், அப்பன் பேரு மண்ணாங்கட்டி, கூலி வேலை. விடுதியிலேயே பெரிய தூங்குமூஞ்சி. பந்து ஆட மாட்டான், கெணத்துல குதிக்க மாட்டான், மொட்டை மாடிக்கு வர மாட்டான். பிரேயர்ல நின்னுக்கினே தூங்குவான். நான் இவனைக் கட்டைன்னுதான் கூப்பிடுவேன், பசங்களும் அப்படித்தான். இந்தக் கட்டை உன் தாளைப் பரிசுத்த வேதாகமம் மாதிரி விரல் வெச்சு ஒவ்வொரு எழுத்தா படிச்சான். நீ போனப்புறம், அவ்ளோ நேரம் என்னடா எழுதினேன்னு கேட்டேன். "ஒண்ணுமில்ல சார்"ன்னான். முதுகுல ஒண்ணு வெச்சேன். அப்பவும் ஒண்ணுமில்லதான்.

உன் படிவத்துக்கு இந்த ஒரு பக்தனாவது கெடைச்சானேன்னு சந்தோஷப்பட்டுக்கோ. அடுத்த தடவை வர்றப்ப முன்னாடியே எழுது.

மாசிலாமணி

*

விழுப்புரம்
12-9-86

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம், நலமறிய ஆவல். அண்ணி கொடுத்த மாங்காய் ஊறுகாய் அலுவலகத்தில் எல்லோருக்கும் பிடித்தது.

6-ந் தேதி எடுத்த இரண்டாவது சுற்றையும் எண்ணி முடித்துவிட்டோம். டாக்டர் மிகவும் திருப்தியாக இருக்கிறார். உங்கள் பையன்கள் பெரும்பாலும் இரண்டு தடவையும் ஒரே மாதிரி எழுதியிருக்கிறார்கள். முக்கியமாகப் பதினேழாம் எண். இரண்டு தடவையும் பதினான்கு ஆமாம், அதே பதினான்கு கேள்விகளுக்கு. இப்படி ஒரு தாள் கிடைத்தால் படிவமே நிரூபணம் ஆனமாதிரி என்கிறார்.

இந்த ஊர்ப் பள்ளியில் வேறு மாதிரி ஆயிற்று. பதினோரு பையன்கள் ஓரத்தில் கஞ்சா என்று அவர்களாகவே எழுதி, எந்த ரயில்வே கேட் பக்கம் கிடைக்கும் என்பதையும் எழுதியிருந்தார்கள். இரண்டாவது தடவையும் அதையே எழுதினார்கள். டாக்டர் அதையெல்லாம் படித்துவிட்டு, "வசதியான வீட்டுப் பசங்க, விளையாட்டுக்கு எழுதியிருக்கானுங்க" என்று தனியாக எடுத்து வைத்துவிட்டார். கணக்கில் சேர்க்கவில்லை. அவருக்கு அனுபவம் உண்டு, தெரிந்துதான் செய்வார்.

உங்கள் தாளாளருக்கு டாக்டர் ஒரு நன்றிக் கடிதம் எழுதப் போகிறார். நீங்கள் சிரித்த தமிழ் வேலை செய்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளவும்.

ஜெயம்

*

திண்டிவனம்
1-10-86

ஜெயத்துக்கு,

சுகம்.

உங்க டாக்டரோட நன்றிக் கடிதம் வந்துச்சு. தாளாளர் என்னை நிக்க வெச்சுப் படிச்சாரு. பூமாலைக்குப் போதைப் பழக்கம்னு அதுல பேரு போட்டே எழுதியிருக்கு. எண் மட்டும்தான்னு நீ சொன்னதா எனக்கு ஞாபகம். போகட்டும்.

"உமக்குக் கண்ணு இல்லையா மாசிலாமணி? பதினைஞ்சு வருஷமா காப்பாளர்னு பேரு"ன்னு கேட்டாரு. நேரா விடுதிக்கு வந்து அவன் பெட்டியைக் கொண்டாரச் சொன்னேன். அறுபது பேரும் சுத்தி நிக்கறான். அடியில, லுங்கிக்குள்ள சுருட்டி ஒரு பவுடர் டப்பா. டப்பா நிறைய வெள்ளை மாத்திரை. ஏன்டா இதுன்னேன். "தலைக்குள்ள வர்றதுக்கு சார்"ன்னான். என்ன வருதுன்னேன். பசங்களைப் பார்த்தான், வாயை மூடிக்கினான். "போதைதானே வரும், வேற என்ன வரும்"னேன். எல்லாரும் சிரிச்சானுங்க. மாத்திரையை என்ன பண்ணணுமோ பண்ணியாச்சு. அப்பனை வரவழைச்சு மறுநாளே அனுப்பியாச்சு. அந்த ஆள் பெட்டியைத் தலைமேல வெச்சுக்கினு முன்னாடி போனாரு.

ஆக நீ ஜெயிச்சுட்டே. தூங்கினான், ஆடினதில்லை, ஓடினதில்லை. எல்லாம் என் கண்ணு முன்னாடிதான். நான் கட்டைன்னு நெனைச்சேன், கள்ளன் என் கண்ணுல மண்ணைத் தூவியிருக்கான். உன் இருபது கேள்வி கண்டுபிடிச்சுது. இனிமே உன் மகானைக் கிண்டல் பண்ண மாட்டேன்.

மாசிலாமணி

*

விழுப்புரம்
8-10-86

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம். உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். நீங்கள் தோற்றேன் என்று எழுதி நான் பார்ப்பது இதுதான் முதல் தடவை.

எண்ணுக்கும் பெயருக்கும் ஒரு பட்டியல் என்னிடம் இருந்தது. இரண்டு சுற்றுத் தாள்களையும் ஜோடி சேர்க்க அது வேண்டும். டாக்டர் கேட்டார், கொடுத்தேன். பையனின் நன்மைக்குத்தானே. இல்லையென்றால் அவன் இன்னும் உங்கள் மூக்குக்குக் கீழேயே அந்த மாத்திரையைத் தின்றுகொண்டிருப்பான், நீங்கள் அவனைக் கட்டை என்று கூப்பிட்டுக்கொண்டிருப்பீர்கள். பதினைந்து வருஷ அனுபவம் பார்க்காததை ஒரு தாள் பார்த்துவிட்டது என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமைதான். மறைக்கவில்லை.

அறிக்கையில் "ஒருவர் கண்டறியப்பட்டார்" என்று வருகிறது. என்ன மாத்திரை என்று டாக்டர் கேட்கிறார். ஒன்றிரண்டு மிச்சம் இருந்தால் காகிதத்தில் மடித்து அனுப்புங்கள். பெயரும் விவரமும் இருந்தாலும் போதும்.

அண்ணியிடம் சொல்லவும்.

ஜெயம்

*

விழுப்புரம்
5-11-86

அண்ணனுக்கு,

நலம்தானே? ஒரு மாதமாகப் பதில் இல்லை. மாத்திரை விவரத்தை டாக்டர் இரண்டு தடவை கேட்டுவிட்டார்.

கல்லறைத் திருநாளுக்கு வருவீர்கள் என்று அம்மா கல்லறையில் மாலை ஆறு மணி வரை காத்திருந்தேன். வருஷா வருஷம் தவறாமல் வருகிறவர். மழையில் மெழுகுவர்த்தி நிற்கவில்லை. உடம்புக்கு ஏதாவதா? இரண்டு வரி போடவும்.

ஜெயம்

*

திண்டிவனம்
20-11-86

ஜெயம் பாப்பாவுக்கு லூர்துமேரி அண்ணி எழுதறது. நான் நல்லா இருக்கேன். உங்க அண்ணன் சாப்பிடறாரு, வேலைக்குப் போறாரு, அவ்ளோதான். அவரு எழுத மாட்டேங்கிறாரு. நான் எழுதறது அவருக்குத் தெரியாது. எழுத்து கோணலா இருந்தா மன்னிச்சுக்கோ.

அந்தப் புள்ளையோட டப்பாவை அவரு பசங்க எதிர்க்கவே கவுத்து, செருப்புக் காலால மிதிச்சு, சாக்கடையில தண்ணி ஊத்தித் தள்ளிட்டாரு. டப்பாவுல ஒரு சீட்டு மடிச்சு இருந்துச்சாம். அதை சட்டைப் பையில போட்டுக்கினு மறந்துட்டாரு. நான் துவைக்கறப்ப எடுத்து, என்னா சீட்டு இதுன்னு கேட்டேன். இங்கிலீஷ்ல கிறுக்கியிருந்துச்சு. மருந்துக் கடைக்குக் கொண்டுபோய்க் காட்டிட்டு வந்தாரு. நான் துருவித் துருவிக் கேட்கவும் சொன்னாரு. அது பெரியாஸ்பத்திரி சீட்டாம். வலிப்புக்குக் குடுக்கிற மாத்திரையாம். அந்தப் புள்ளைக்கு ஏழு வயசுல இருந்து வலிப்பு. தெனம் ரெண்டு போடணும், ஒரு நாளும் நிறுத்தக் கூடாதாம். அதைத் தின்னாத் தூக்கமா வருமாம். விடுதியில தெரிஞ்சா சேர்க்க மாட்டாங்கன்னு அப்பனும் புள்ளையும் மறைச்சு வெச்சிருக்காங்க.

மறுநாளே மருந்தை வாங்கிக்கினு ஊருக்கு ஓடினாரு. அதுக்குள்ள ஆயிடுச்சு பாப்பா. ஆஸ்பத்திரியில மாசத்துக்கு ஒரு தடவைதான் மாத்திரை குடுப்பாங்களாம். அப்பன் பக்கத்து ரைஸ் மில்லுல வேலைக்கு வுட்டிருக்காரு. நெல் அவிக்கிற எடத்துல நிக்கறப்ப புள்ளைக்கு வலிப்பு வந்து, கொதிக்கிற அண்டா மேல சாய்ஞ்சிருக்கான். வலது கை முழங்கை வரைக்கும் வெந்துபோச்சு. உசுரு பொழைச்சுது.

அவனை வெச்சிருக்கிறது உங்க ஊர் ஆஸ்பத்திரியிலதான். உங்க அண்ணன் ஞாயித்துக்கிழமை தவறாம அங்கதான் வர்றாரு. கல்லறைத் திருநாளன்னிக்கும் அங்கதான் இருந்தாரு. உன் வீட்டுக்கு ஏன் போவலன்னு கேட்டா, எந்த மூஞ்சியோட போறதுங்கிறாரு. அந்த அப்பன் உள்ள வுடறது இல்ல. இவரு வெளியில சிமெண்ட் பெஞ்சில உட்கார்ந்துட்டு, கடைசி பஸ்ஸுக்கு வந்துடறாரு.

நீ போய்ப் பாரு. நான் எழுதினேன்னு சொல்லாதே.

லூர்துமேரி

*

விழுப்புரம்
3-12-86

அண்ணனுக்கு,

அண்ணியைத் திட்டாதீர்கள். எனக்குத் தெரிந்துவிட்டது. நான் நலம் என்று எழுதக் கை வரவில்லை.

வார நாளில் போனேன். மண்ணாங்கட்டி டீ வாங்கப் போயிருந்தார். பூமாலை என்னை அடையாளம் கண்டுகொண்டான். எழுந்து உட்கார முயற்சி பண்ணினான், வேண்டாம் என்றேன். கை முழுக்கக் கட்டு. எனக்கு என்ன பேசுவது என்று தெரியாமல், முட்டாள்தனமாக, அந்தத் தாளைப் பற்றியே கேட்டேன்.

"மருந்துன்னா என்னன்னு நெனைச்சே பூமாலை?"

"மருந்துன்னா மருந்துதானுங்க."

"மருந்து இல்லாம ஒரு வாரம் இருக்க முடியுமான்னு கேட்டிருந்ததே?"

"முடியாதுங்க. நிறுத்தினா ஒடம்பு நடுங்குமான்னு இருந்துச்சு, ஆமாம்னு போட்டேன். கூட இருக்கிறவங்களுக்குத் தெரியாம சாப்பிடறியான்னு இருந்துச்சு. அப்பா அம்மா வருத்தப்படறாங்களான்னு இருந்துச்சு. நினைவு தப்புமான்னு இருந்துச்சு. எல்லாம் என்னையே பார்த்துக் கேட்ட மாதிரி இருந்துச்சுங்க."

"ரெண்டு தடவையும் அவ்வளவு நேரம் உட்கார்ந்து எழுதினியே."

"இதை யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு அப்பா சொல்லியிருக்காரு. நீங்க பேரு வேணாம், உண்மையை மட்டும் எழுதுங்கன்னீங்க. அதனால எழுதினேன்."

அவன் குறை சொல்லும் குரலில் சொல்லவில்லை. அதற்குள் அப்பா வந்துவிட்டார். நான் யார் என்று பையன் சொன்னான். அவர் டீயை ஆற்றிப் பையனுக்குக் குடிக்கக் கொடுத்தார். என் பக்கம் திரும்பவே இல்லை.

அண்ணா, நீங்கள் தேடிய மகான் நான்தான். இருபது கேள்வியையும் தமிழாக்கியது நான். அகராதியில் போதை மருந்து என்றுதான் இருந்தது. போதை என்ற சொல்லைக் கண்டால் பிள்ளைகள் பயந்து பொய் சொல்வார்கள் என்று அதை நீக்கினேன். டாக்டர் பாராட்டினார். உங்கள் முதல் கடிதம் வந்த அன்றே அந்தச் சொல் தப்பு என்று எனக்குத் தெரியும். நீங்கள் அப்படிச் சிரிக்காமல் இருந்திருந்தால் மாற்றியிருப்பேன் என்று இத்தனை நாள் எனக்கே சொல்லிப் பார்த்தேன். அது சாக்கு. உங்களிடம் தோற்கக் கூடாது என்பதற்காக மாற்றவில்லை. நீங்கள் சொல்லி மாற்றிய ஒரே கேள்வி நினைவு தவறுவது. அதற்கும் அவன் ஆமாம் என்றுதான் போட்டிருக்கிறான்.

டாக்டரிடம் எல்லாம் சொன்னேன். அவர் கேட்டுவிட்டு, "வலிப்பு மாத்திரையும் பழக்கம் உண்டாக்கும் மாத்திரைதான். நம்ம படிவம் அதைப் பிடிச்சிருக்கு. ஒருத்தர் கண்டறியப்பட்டார்ங்கிறது அப்படியே இருக்கட்டும்" என்றார். கை வெந்ததைச் சொன்னேன். "அது ஆய்வுக்கு வெளியில நடந்தது" என்றார். கஞ்சா என்று எழுதிய பதினோரு தாள்களைக் கேட்டேன். அவை கிழித்துப் போடப்பட்டுவிட்டன. நடந்ததை இரண்டு பக்கம் எழுதி அவர் மேசையில் வைத்துவிட்டு, வேலையை விட்டுவிட்டேன். இதில் தியாகம் ஒன்றும் இல்லை. மூன்று வாரத்தில் முடியப் போகிற வேலை.

ஞாயிற்றுக்கிழமை நானும் வருகிறேன். அந்தப் பெஞ்சில் எனக்கும் இடம் விடுங்கள்.

ஜெயம்

*

திண்டிவனம்
14-6-87

அன்புள்ள ஜெயத்துக்கு,

சுகம். டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்ல உனக்கு வேலை நல்லபடியா போகுதா? உங்க அண்ணி உன்னைக் கேட்டுக்கினே இருக்கா.

ஆஸ்பத்திரி பெஞ்சில எத்தனை ஞாயித்துக்கிழமை பக்கத்தில பக்கத்தில உட்கார்ந்திருந்தோம். நாலு வார்த்தை பேசல. அதனால எழுதறேன்.

அந்தச் சொல் தப்புன்னு எனக்கும் முதல் நாளே தெரியும். தெரிஞ்சவன் என்ன பண்ணணும்? தாளைத் திருப்பி அனுப்பி, இதை என் பசங்களுக்குக் குடுக்க விடமாட்டேன்னு சொல்லணும். நான் பக்கம் பக்கமா நக்கல் எழுதிட்டு, ஜன்னல்ல நின்னு வேடிக்கை பார்த்தேன். பெட்டியைத் திறந்தப்ப அவன் பதில் சொல்ல ஆரம்பிச்சான். நான் ஒரு வார்த்தை சொல்லி அறுபது பேரைச் சிரிக்க வெச்சேன். அவன் வாயை மூடினது அதுக்கப்புறம்தான். நீ எழுதின தமிழைவிட நான் பேசின தமிழ் கேவலம்.

போன மாசம் உங்க டாக்டரோட தாள் அச்சாகி ஒரு கட்டு எங்க விடுதிக்கும் வந்துச்சு. மாவட்டம் பூரா அனுப்பறாங்களாம். ஒண்ணாம் கேள்வி அப்படியே இருக்கு. எளிய, பிழையற்ற தமிழாக்கம்னு முன்னாடி உன் பேருக்கு நன்றி போட்டிருக்கான் அந்த ஆளு. கட்டைத் திருப்பி அனுப்பிட்டேன். ஏன் அனுப்பறேன்னு நடந்ததை எல்லாம் எழுதி, என் செருப்புக்கால் சங்கதியையும் எழுதி, கையெழுத்துப் போட்டேன். தாளாளர் காப்பி கேட்டாரு, குடுத்தேன். பூமாலையை மறுபடியும் சேர்க்கணும்னு கேட்டதுக்கு, வலிப்புப் பையனை வெச்சுக்கினு ராத்திரியெல்லாம் யாரு காவல் காக்கிறதுன்னாரு. நானுன்னேன். உம்மையே எத்தனை நாளைக்கு வெச்சிருப்பேனோன்னு சிரிச்சாரு. அதோட விட்டுட்டேன்.

பூமாலை அப்பா மண்ணாங்கட்டி அண்ணனைப் பார்க்க அவரு வீட்டுக்கு அஞ்சு தடவை போனேன். நாலு தடவை உட்காரச் சொல்லல. அஞ்சாவது தடவை, "படிக்கட்டும். ஆனா ஒங்க விடுதியிலயும் வேணாம், ஒங்க வீட்லயும் வேணாம். பக்கத்து ஊர் ஸ்கூலுக்கு பஸ்ஸில போய் வரட்டும். நீங்க கூட வந்து சேர்த்துட்டுப் போயிடுங்க"ன்னாரு. போயிடுங்கன்னதை அழுத்திச் சொன்னாரு.

வெள்ளிக்கிழமை அந்த ஸ்கூலுக்குப் போனோம். கை ஆறிடுச்சு, விரல் முழுசா மடங்கல. தலைமையாசிரியை கிருஷ்ணவேணின்னு ஒரு அம்மா. ஒரு வருஷம் ஏன் வீணாச்சுன்னு கேட்டாங்க. நான் சொல்லட்டுமாடான்னு பூமாலையைக் கேட்டேன். கொஞ்சம் யோசிச்சுட்டு, "நானே சொல்றேன் சார்"ன்னான். அப்பா தலையைக் குனிஞ்சுக்கினாரு.

"எனக்கு வலிப்பு வரும்ங்க. தினம் ரெண்டு மாத்திரை போடணும். போட்டா வராதுங்க. நடுவுல நிறுத்தினதால வந்து கை வெந்துபோச்சு."

யாரு நிறுத்தினதுன்னு அவன் சொல்லல. நான்தான் நிறுத்தினேன்னு சொன்னேன். அந்த அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தாங்க. அந்தப் பார்வையை உனக்கு எழுதிக் காட்ட முடியாது. அப்புறம் என்னை விட்டுட்டு அவன் பக்கம் திரும்பினாங்க.

"ஒருவேளை வகுப்புல வந்துட்டா நாங்க என்ன செய்யணும்?"

ஒரு வருஷமா நீயும் கேட்கல, நானும் கேட்கல, உங்க டாக்டரும் கேட்கல. ஆமாம், இல்லைன்னு அதுக்குக் கோடு போட முடியாது. அவன் நிதானமா சொன்னான். "ஒருக்களிச்சுப் படுக்க வெக்கணும்ங்க. வாயில எதையும் திணிக்கக் கூடாது. கையைக் காலை இறுக்கிப் பிடிக்கக் கூடாது. கொஞ்ச நேரத்துல தானா எழுந்துடுவேன்." அந்த அம்மா பேனாவை எடுத்து, அவன் சொல்லச் சொல்ல ஒவ்வொண்ணா எழுதிக்கினாங்க. ஒரு வரி விட்டுப்போச்சுன்னு மறுபடியும் சொல்லச் சொன்னாங்க. அவன் மறுபடியும் சொன்னான்.

நான் வெளியில வந்து பஸ் ஏறிட்டேன். லீவு கெடைச்சா வந்துட்டுப் போ.

அண்ணன்
மாசிலாமணி